பல திரைகள், ஒரே காட்சி: மேடை நிகழ்ச்சிக்கு வீடியோவை ஒத்திசைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று லேப்டாப்களை மூன்று புரொஜெக்டர்களில் மாட்டிவிட்டு, மூன்று பேர் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒரே நேரத்தில் ப்ளே அழுத்துவது பல மேடைகளில் இன்றும் நடக்கிறது. ஒரு நிமிட அறிமுக வீடியோவுக்கு அது ஒப்பேறும். நீளமான நிகழ்ச்சிக்கு ஒப்பேறாது. விரல்கள் ஒன்றாக அழுத்தினாலும், கோப்பைத் திறந்து முதல் ஃப்ரேமைக் காட்ட ஒவ்வொரு கணினியும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. அது போக, ஒவ்வொரு கணினியின் கடிகாரப் படிகமும் இம்மியளவு வேறு வேகத்தில் ஓடுகிறது. இரண்டு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் அது நாலரை ஃப்ரேம். ஒட்டி நிற்கும் திரைகளின் குறுக்கே ஒரு ரயில் ஓடுவதாகக் காட்சி இருந்தால், ரயில் நடுவில் அறுந்து தெரியும்.

அதனால் இந்த வழிகாட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முடிந்தவரை எல்லாத் திரைகளையும் ஒரே கணினி, ஒரே கோப்பு, ஒரே கடிகாரம் என்று கொண்டுவந்துவிடுங்கள். தனித்தனிக் கணினிகளை வேறு வழியே இல்லாதபோது மட்டும் யோசியுங்கள்.

1. எவ்வளவு துல்லியம் வேண்டும்?

எந்தச் சாதனத்தையும் வாடகைக்குச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். "எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் வீடியோ" என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

எல்லாத் திரையிலும் ஒரே படம் ஓடினால் போதும் என்றால், ஒத்திசைவு ஒரு பிரச்சினையே இல்லை. கணினியிலிருந்து வரும் ஒரே சிக்னலை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்துக்கொடுங்கள், முடிந்தது. இதற்குப் போய் விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு திரையிலும் வேறு படம், ஆனால் இசையின் தாளத்தோடு எல்லாம் ஒன்றாக மாற வேண்டும் என்றால், திரைகள் தள்ளித் தள்ளி இருக்கும்பட்சத்தில் ஓரிரு ஃப்ரேம் பிசகு கண்ணுக்குத் தெரியாது.

ஒரே பெரிய படம் ஒட்டி நிற்கும் திரைகளில் பிரிந்து விரிகிறது என்றால் மட்டும்தான் கறார் தேவை. வேகமாக நகரும் பொருள் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது ஒரு ஃப்ரேம் தப்பினாலும் தெரியும்.

பேசுபவரின் முகம் திரையில் வந்தால் உதட்டசைவும் சேர்ந்துகொள்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட சுமார் 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்துவதைப் பொறுத்துக்கொள்ளும் மூளை முந்துவதைப் பொறுப்பதில்லை. ஆனால் மேடையில் திரைகளும் புரொஜெக்டர்களும் படத்தைத்தான் தாமதப்படுத்துகின்றன; அதாவது ஒலி முந்திக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம்.

2. திரைகளைப் பிக்சலாக வரையுங்கள்

காகிதத்தில் மேடையை வரைந்து ஒவ்வொரு திரைக்கும் அகலம், உயரம், பிக்சல் எண்ணிக்கை எழுதுங்கள். புரொஜெக்டர் என்றால் அதன் அசல் ரெசல்யூஷன் என்னவென்று கையேட்டில் பாருங்கள். "4கே ஏற்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் 4கே பிக்சல் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்.இ.டி. சுவரில் கணக்கு வேறு. 3.9 மி.மீ. பிட்ச் (பிக்சலுக்குப் பிக்சல் இடைவெளி) உள்ள, அரை மீட்டருக்கு அரை மீட்டர் கேபினெட் (சுவரைக் கட்டும் பலகை) ஒன்றில் 128க்கு 128 பிக்சல் இருக்கும். 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரச் சுவருக்கு 8க்கு 6 கேபினெட். மொத்தம் 1024க்கு 768 பிக்சல்தான். இவ்வளவு பெரிய சுவருக்கு இவ்வளவு குறைவா என்று தோன்றும். இருக்கட்டும், தள்ளி நின்று பார்க்க அது போதும். சுவருக்குப் படத்தை அனுப்பும், பரவலாகப் புழங்கும் நோவாஸ்டார் கன்ட்ரோலர்களில் ஒரு கிகாபிட் போர்ட் சுமார் 6,50,000 பிக்சலைத் தாங்கும். நம் சுவரில் 7,86,432 பிக்சல். ஆக இரண்டு போர்ட் வேண்டும் என்பதைச் சுவர் கட்டும் ஆட்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நடுவில் இந்தச் சுவர், இரு பக்கமும் 1920க்கு 1080 புரொஜெக்டர் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க 4864 அகலம், 1080 உயரமுள்ள ஒரே கேன்வாஸ் (படப்பரப்பு) போதும். எடிட் செய்பவரிடம் இந்த ஒரு அளவைக் கொடுங்கள். மூன்று கோப்பு தனித்தனியாக வாங்கினால் ஏதாவது ஒன்று நீளத்தில் ஒரு ஃப்ரேம் குறைந்து வரும், அல்லது ஒன்றுக்கு மட்டும் திருத்தம் செய்து மற்ற இரண்டும் பழைய பதிப்பாகவே இருக்கும். கேன்வாஸ் ஒன்று என்றால் இந்தத் தலைவலிக்கே இடமில்லை.

இரண்டு புரொஜெக்டர்களின் படத்தை மடிப்பு தெரியாமல் இணைக்கப் போகிறீர்கள் என்றால், 10 முதல் 20 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்து ஓரங்களை மங்கலாக்க வேண்டும். மேலேவிழும் அந்தப் பகுதியின் அகலத்தைக் கேன்வாஸிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். கருப்புக் காட்சியில் அந்தப் பட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். புரொஜெக்டரால் முழுக் கருப்பு காட்ட முடியாது, இரண்டு சேர்ந்தால் இரட்டிப்பு. இருட்டுக் காட்சிகள் நிறைய உள்ள நிகழ்ச்சிக்கு ஓரம் இணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடைவெளி விட்டுத் தனித்தனித் திரைகளாகவே நிறுத்துவது அழகாக இருக்கும்.

3. ஒரே கணினியிலிருந்து பல திரைகள்

மேசைக் கணினிக்கான நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றில் பொதுவாக நான்கு வெளியீடுகள் இருக்கும். மூன்று மேடைக்கு, ஒன்று ஆபரேட்டரின் திரைக்கு என்றால் சரியாகப் போகும். லேப்டாப் என்றால் உஷார்: ஆப்பிளின் அடிப்படை எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஏற்கும். அந்தக் குறையை யு.எஸ்.பி. டிஸ்ப்ளே அடாப்டர் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. தாமதமும் தடுமாற்றமும் நிச்சயம்.

வெளியீடு போதவில்லை என்றால் கார்டுக்கு வெளியே சிக்னலை வெட்டும் பெட்டிகள் இருக்கின்றன. மேட்ராக்ஸின் ட்ரிபிள்ஹெட்2கோ ஒரு அகலமான சிக்னலை மூன்றாகப் பிரிக்கும். டேட்டாபாத்தின் எஃப்எக்ஸ்4 ஒரு 4கே சிக்னலை வாங்கி நான்கு திரைகளுக்கு வேண்டியபடி வெட்டிக் கொடுக்கும். ஒரே சிக்னலிலிருந்து வெட்டப்படுவதால் துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலக வாய்ப்பே இல்லை. நகரும் படம் எல்லையைக் கடக்கும் வேலைகளுக்கு இதுதான் என் முதல் தேர்வு.

ஒரே கார்டின் வெவ்வேறு போர்ட்கள்கூட 60 ஹெர்ட்ஸில் ஒரே கணத்தில் திரையைப் புதுப்பிக்கும் என்று உறுதி இல்லை, அதிகபட்சம் 16.7 மில்லிநொடி பிசகலாம். என்விடியாவின் தொழில்முறைக் கார்டுகளில் உள்ள மொசைக், ஏ.எம்.டி.யின் ஐஃபினிட்டி ஆகியவை எல்லாப் போர்ட்களையும் ஒரே பெரிய திரையாக இயங்குதளத்துக்குக் காட்டி இதைச் சரிசெய்கின்றன.

மென்பொருளில் மேக் வைத்திருப்பவர்கள் க்யூலேப் பக்கம் போகலாம். நாடகம் போல வரிசையான க்யூக்களுக்கு (குறித்த தருணத்தில் வீடியோவையோ ஒலியையோ விடும் கட்டளைகள்) அது பிறந்தது. காட்சிகளை இசைக்கு ஏற்ப அப்போதைக்கப்போது கலந்து விளையாட ரெசொலூம் அரீனா. நடனக் கலைஞரின் அசைவைக் கேமராவில் பிடித்துப் படத்தை மாற்றும் வகையறா வேலைகளுக்கு டச்டிசைனர், இசடோரா. மூன்று மணி நேரத்தில் பழகக்கூடியதா என்பதையும் பாருங்கள். நிகழ்ச்சி அன்று ஆபரேட்டருக்குக் கை தடுமாறாத மென்பொருள்தான் நல்ல மென்பொருள்.

4. பல கணினிகள் தவிர்க்க முடியாதபோது

திரைகள் அரங்கின் எதிரெதிர் மூலைகளில் இருக்கலாம், பிக்சல் எண்ணிக்கை ஒரு கணினியின் சக்தியைத் தாண்டலாம். அப்போது ஒத்திசைவில் மூன்று நிலைகள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நிலை, ஒரே தொடக்கக் கட்டளை. ஒரு கணினி நெட்வொர்க்கில் ஓ.எஸ்.சி. (சாதனங்கள் கட்டளை பரிமாறிக்கொள்ளும் ஒரு முறை) செய்தி அனுப்ப, மற்றவை ஓட ஆரம்பிக்கும். ஆரம்பம் சரியாக இருக்கும், அப்புறம் அவரவர் கடிகாரம். சில நிமிடக் காட்சிகளுக்குப் போதுமானது.

அடுத்தது டைம்கோடை, அதாவது இப்போது எத்தனையாவது நொடி, எத்தனையாவது ஃப்ரேம் என்று சொல்லிக்கொண்டே போகும் சிக்னலைப் பின்தொடர்வது. எல்.டி.சி. என்ற வகை டைம்கோடு உண்மையில் ஓர் ஒலி சிக்னல். சாதாரண ஆடியோ கேபிளில் போகும், ஒலிக்கோப்பின் ஒரு தடத்திலேயே பதிந்து வைக்கலாம். பாட்டு ஓடும்போது அதுவும் ஓடும். வீடியோ கணினிகளும், வேண்டுமானால் லைட்டிங் கன்சோலும், அதைப் படித்து இருக்கும் இடத்தைச் சரிசெய்துகொண்டே வரும். அந்தத் தடம் தவறி ஸ்பீக்கருக்குப் போனால் காது கிழியும். சவுண்ட் இன்ஜினியரிடம் எந்தச் சேனல் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது ஜென்லாக் அல்லது ஃப்ரேம்லாக். எல்லாக் கார்டுகளும் ஒரே வெளித் துடிப்புக்குக் கட்டுப்பட்டு ஒரே கணத்தில் திரையைப் புதுப்பிக்கும். என்விடியாவின் குவாட்ரோ சிங்க் போன்ற தனிப் பலகை இதற்குத் தேவை. ஒட்டி நிற்கும் பெரிய எல்.இ.டி. சுவர்களைப் பல கணினிகள் ஓட்டினால் இதில் சமரசம் வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: எந்த ஃப்ரேம் ஓட வேண்டும் என்பதை ஜென்லாக் சொல்லாது, எந்தக் கணத்தில் மாற வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும். டைம்கோடும் கூடவே வேண்டும்.

இதையெல்லாம் ஒரே தொகுப்பாகத் தருபவை டேட்டாடானின் வாட்ச்அவுட், பிக்செரா, டிஸ்கைஸ் முதலியவை. சிறிய அளவில், பிரைட்சைன் பிளேயர்கள் தங்களுக்குள் நெட்வொர்க் வழியாக ஒத்திசைந்து ஓடும். எதுவானாலும் கேபிள் நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுங்கள், நிலையான ஐ.பி. முகவரி கொடுங்கள், வேறு யாருக்கும் அந்த நெட்வொர்க் ஸ்விட்சில் இடம் கொடுக்காதீர்கள். வைஃபை ஒத்திகையில் நன்றாகத்தான் வேலை செய்யும். அரங்கம் நிறைந்து ஆயிரம் போன்கள் உள்ளே வந்த பிறகு அதன் குணமே வேறு.

5. கோப்பைத் தயார் செய்தல்

இணையத்துக்குப் பழகிய எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறை மேடைக்குச் சுமாரான தேர்வு. அது பெரும்பாலான ஃப்ரேம்களை முன்பின் ஃப்ரேம்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறது. நினைத்த இடத்துக்குத் தாவவும், டைம்கோடுக்கு ஏற்ப நகரவும் திணறும். அதோடு பல கிராஃபிக்ஸ் கார்டுகளின் எச்.264 டிகோடர் 4096 பிக்சல் அகலத்தோடு நின்றுவிடும். நம் 4864 கேன்வாஸ் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் வடிவங்கள் வேண்டும்: ஹேப், ரெசொலூமின் டி.எக்ஸ்.வி., ப்ரோரெஸ். ஹேப் வடிவத்தைக் கிராஃபிக்ஸ் கார்டே விரித்துக்கொள்வதால் ப்ராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்கும். விலை கோப்பின் அளவில் தெரியும். சாதா ஹேப் ஒரு பிக்சலுக்கு அரை பைட்; ஹேப் க்யூ ஒரு பைட். 4864க்கு 1080 கேன்வாஸ், நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் சாதா ஹேப் அதிகபட்சம் நொடிக்குச் சுமார் 79 மெகாபைட், ஹேப் க்யூ சுமார் 158 மெகாபைட் கேட்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இதில் மூச்சு வாங்கும். எஸ்.எஸ்.டி. கட்டாயம்; வீடியோவுக்குத் தனி எஸ்.எஸ்.டி. இருந்தால் இன்னும் நல்லது. வண்ணச் சாய்வுகள் பட்டை பட்டையாக உடைந்தால் அந்தக் காட்சியை மட்டும் ஹேப் க்யூவுக்கு மாற்றுங்கள். கேன்வாஸின் இரு அளவுகளும் நான்கால் வகுபட வேண்டும் என்பது ஹேப்பின் இன்னொரு நிபந்தனை.

ஃப்ரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பொருத்துங்கள். 25 ஃப்ரேம் வீடியோவை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் சில ஃப்ரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் தெரியும்; மெதுவாக நகரும் காட்சியில் அது வெட்டி வெட்டித் தெரியும். ஒன்று, வீடியோவை 30 அல்லது 60க்கு ரெண்டர் செய்யுங்கள். அல்லது வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். போனில் எடுத்த காட்சிகள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகத்தில் இருக்கும். அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டில் சேர்க்க வேண்டும்.

6. கேபிளும் கைகுலுக்கலும்

நிகழ்ச்சிகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், மென்பொருளில் அல்ல.

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை 10 மீட்டரைத் தாண்டி நம்பாதீர்கள். அதற்கு மேல், சிக்னலை மாற்றி அனுப்பும் எச்.டி.பேஸ்டி பெட்டிகள் வைத்தால் கேட்6 கேபிளில் 100 மீட்டர் வரை போகலாம். பார்க்க நெட்வொர்க் கேபிள்தான். ஆனால் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினால் வேலை செய்யாது, நேராகப் பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போக வேண்டும். தொழில்முறை வீடியோவுக்கான எஸ்.டி.ஐ. கேபிளின் முனை திருகிப் பூட்டிக்கொள்ளும், யாராவது காலால் இடறினாலும் கழலாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். மிக நீளமான ஓட்டத்துக்கு ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, திருப்பி இழுத்துவிட்டால் முழுக் கேபிளையும் மறுபடி இழுக்க வேண்டும்.

அடுத்து, கணினியும் திரையும் கைகுலுக்கிக்கொள்ள உதவும் ஈ.டி.ஐ.டி. திரை தன் பெயர், ரெசல்யூஷன் எல்லாவற்றையும் கணினிக்குச் சொல்லும் சிறு தகவல் அது. ஒரு புரொஜெக்டரின் கேபிள் ஒரு நொடி கழன்றால், "அந்தத் திரை போய்விட்டது" என்று கணினி முடிவுகட்டி மற்றத் திரைகளை இடம் மாற்றி அடுக்கிவிடும். இடது படம் நடுவில், நடுப் படம் ஆபரேட்டர் திரையில். பார்வையாளர் முன்னால் மவுஸ் அம்பு அலையும். இதைத் தடுக்க ஒவ்வொரு வெளியீட்டிலும் ஈ.டி.ஐ.டி. எமுலேட்டர் செருகுங்கள். கைவிரல் அளவுள்ள அந்தத் துண்டு, திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் "இருக்கிறேன்" என்று கணினியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். தொழில்முறைக் கார்டுகளில் இந்தத் தகவலை மென்பொருளிலேயே பதிந்து வைக்கும் வசதியும் உண்டு. வாடகைப் பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

7. கணினியை அடக்குதல்

தானியங்கி அப்டேட், அறிவிப்புகள், ஸ்கிரீன் சேவர், தூக்க நிலை எல்லாவற்றையும் அணையுங்கள். டெஸ்க்டாப் பின்னணி கறுப்பு, ஐகான் எதுவும் வேண்டாம். இணையத்தைத் துண்டியுங்கள். லேப்டாப் கண்டிப்பாக மின் இணைப்பில் இருக்க வேண்டும்; பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இயங்குதளத்தின் ஒலி வேறு எங்கோ போகட்டும், மேடை ஸ்பீக்கரில் "டிங்" கேட்கக் கூடாது.

8. கண்ணால் நம்பாமல் அளந்து பாருங்கள்

ஃப்ரேம் எண் பெரிதாக ஓடும், நொடிக்கு ஒருமுறை வெள்ளை மின்னலும் "பீப்" ஒலியும் வரும் ஒரு சோதனை வீடியோவைக் கேன்வாஸ் முழுக்கச் செய்துகொள்ளுங்கள். எல்லாத் திரைகளும் தெரியும்படி நின்று போனின் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். நொடிக்கு 240 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 4 மில்லிநொடி. எந்தத் திரை எத்தனை மில்லிநொடி பின்தங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஒரே கணினியிலிருந்து போயும் பிசகு தெரிந்தால் குற்றவாளி திரைக்குள்ளேயே இருக்கிறது. புரொஜெக்டரின் கீஸ்டோன் திருத்தம் (கோணலாக விழும் படத்தை நேராக்குவது), அசைவை மென்மையாக்கும் வசதி, டி.வி.யின் பட மேம்பாடுகள் எல்லாம் தாமதம் சேர்ப்பவை. எல்.இ.டி. கன்ட்ரோலரும் ஓரிரு ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும். முதலில் இவற்றில் அணைக்கக்கூடியதை அணையுங்கள். கீஸ்டோன் பட்டனுக்குப் பதில் புரொஜெக்டரை நேராக வையுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் தாமதத்தைக் குறைக்க முடியாது, மற்றவற்றுக்குத் தாமதம் கூட்டத்தான் முடியும். மிக மெதுவான திரை எதுவோ அதுதான் எல்லோருக்கும் வேகம் குறிக்கிறது. மென்பொருளில் திரைவாரியாகத் தாமதம் வைக்கும் வசதி இல்லையென்றால், எடிட்டில் வேகமான திரைகளின் பகுதியை மட்டும் இரண்டு ஃப்ரேம் தள்ளி வைத்து மறுபடி ரெண்டர் செய்தாலும் ஆயிற்று.

திரைகள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் ஒலி. மின்னலும் பீப்பும் ஒன்றாக வரும்வரை ஒலிக்குத் தாமதம் கூட்டுங்கள். எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பது முக்கியம்: ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி 0.1 நொடி கழித்தே வரும். எல்லா இருக்கைக்கும் சரியாக வைக்க முடியாது. அரங்கின் நடுவுக்குச் சற்று முன்னால் நின்று சரிசெய்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

மேடையில் இருப்பவரை நேரடிக் கேமராவில் பிடித்துப் பெரிய திரையில் காட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. பார்வையாளர் நிஜ ஆளையும் பக்கத்திலேயே பார்க்கிறாரே! கேமராவின் சிக்னலை வீடியோ கணினிக்குள் விடாமல் ஸ்விட்சர் (வீடியோ சிக்னல்களை மாற்றிவிடும் பெட்டி) வழியாக நேராகத் திரைக்கு அனுப்பித் தாமதத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

9. க்யூக்களை அமைத்தல்

பதிவு செய்த இசை ஓடும் காட்சிக்கு ஒலியும் வீடியோவும் ஒரே க்யூவில் கிளம்பட்டும். நேரடி வாத்தியக்காரர்கள் என்றால் அவர்கள் காதில் தாளம் தட்டும் க்ளிக் ஒலி போக வேண்டும். அந்த க்ளிக், பின்னணித் தடம், டைம்கோடு மூன்றும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். க்ளிக் வேண்டாம் என்று சொல்லும் இசைக்குழுவோடு ஃப்ரேம் துல்லியம் பற்றிப் பேசுவது வீண். வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் கையால் விடுங்கள்.

நடிகர்கள் நேற்றைய ஒத்திகையின் வேகத்தில் இன்று பேச மாட்டார்கள். அதனால் வசனக் காட்சிகளுக்குப் பத்து நிமிட வீடியோ ஒன்றே செய்யாதீர்கள். ஓடும் பகுதி, அதன்பின் முடிவில்லாமல் சுழலும் பகுதி, பிறகு அடுத்த க்யூ என்று அமைத்தால் நடிகர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் திரை காத்திருக்கும். ஒவ்வொரு துண்டும் முடியும்போது கடைசி ஃப்ரேம் உறைய வேண்டுமா, கறுப்புக்கு மங்க வேண்டுமா என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் திரையையும் ஒரே விசையில் கறுப்பாக்கும் அவசர க்யூ ஒன்று எப்போதும் கைக்கருகில் இருக்கட்டும். க்யூ அழைப்பவர் ஒருவர்தான். அவர் சொல்லாமல் ஆபரேட்டர் அழுத்தக் கூடாது.

10. மாற்று ஏற்பாடும் நிகழ்ச்சி நாளும்

அதே கோப்புகளோடு அதே அமைப்பில் இரண்டாவது கணினி, இரண்டுக்கும் ஒரே கட்டளை போகும்படி இணைப்பு, வெளியீட்டில் ஒரு ஸ்விட்சர். முதல் கணினி உறைந்தால் ஒரு பட்டனில் இரண்டாவது வந்துவிடும். அவ்வளவு வசதி இல்லையா? கணினி, ஸ்விட்ச், கன்ட்ரோலர் மூன்றுக்கும் யு.பி.எஸ். மட்டுமாவது போடுங்கள், மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் கணினி மறுபடி எழ நிமிடங்கள் ஆகும்.

நிகழ்ச்சியின் முழு நீளத்துக்கும் நிறுத்தாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் விலகலும் தெரியாது, கார்டு சூடாகி வேகம் குறைவதும் தெரியாது. ஓட்டம் முடியும் தறுவாயில் சோதனை வீடியோவை மறுபடி போட்டு, ஆரம்பத்தில் எடுத்த ஸ்லோமோஷனோடு ஒப்பிடுங்கள்.

அன்றைக்கு முதலில் திரைகளும் புரொஜெக்டர்களும், பிறகு கன்ட்ரோலர், பிரிப்பான் பெட்டிகள், கடைசியாகக் கணினி என்ற வரிசையில் போடுங்கள். எல்லா வெளியீட்டுக்கும் பெயர் எழுதிய சோதனைப் படத்தைக் காட்டி இடது, நடு, வலது சரியாக இருக்கிறதா என்று பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்துவிட்டு, கறுப்பு க்யூவில் நிறுத்தி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.